துண்டுக்குள் நீட்டிய கை

பாலைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. தண்ணீர் கலக்காதது. விற்பனைக்கு வைத்திருக்கும் பால் அந்த மூலையில் இருக்கும் பாத்திரத்தில் இருக்கிறது. வீடு தேடி வந்தவருக்கு அதைக் கொடுக்கும் அளவுக்கு இந்த இராமலிங்கம் இன்னும் கெட்டுப்போகவில்லை.

வாசலில் நீங்கள் குடையை மடக்கும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி நாராயணன் ஐயா. என்மேல் கொலை வழக்கு நடந்தபோது வெள்ளைக்கார நீதிபதியின் இரு பக்கமும் அபிப்பிராயம் சொல்ல உட்கார்ந்திருந்த இரண்டு அசெசர்களில் நீங்கள் இடப்பக்கம். வலப்பக்கத்து ரப்பர்த் தோட்டத் துரை பாதி நேரம் தூங்கினார். நீங்கள் தூங்கவில்லை. கூண்டில் நிற்பவனுக்கு வேறு வேலை என்ன, இதையெல்லாம்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

போன வாரம் மருமகனைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், பண்டமாரான் மாட்டுத் திடலில் இரண்டு பேர் ஒரு துண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றதைப் பார்த்தேன் என்கிறீர்கள். அதிலிருந்து உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று அன்று கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்னார்களே, பிறகு இது என்ன என்று கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்விதான். சொல்கிறேன். ஒரே வழக்குக்கு ஒருவனை இரண்டு தரம் கூண்டில் ஏற்ற முடியாது என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் வாங்கிய பீஸுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

நான் பிறந்தது நாகப்பட்டினம் கடைத்தெருவில். சுற்றிலும் எல்லாரும் கத்தி விலை பேசுகிறவர்கள். கப்பலேறி இந்த ஊருக்கு வந்து மாட்டுத் தரகில் இறங்கிய பிறகுதான் கத்தாமல் பேசுவதன் அருமை தெரிந்தது. தரகன் விற்கிறவனுடைய கையைத் துண்டுக்குள் பிடிப்பான். ஒரு விரலை அழுத்தினால் ஒரு கணக்கு, விரலை மடக்கினால் வேறு கணக்கு. பிறகு வாங்குகிறவனிடம் போய் அவன் கையைப் பிடிப்பான். விற்கிறவனிடம் பேசிய விலை வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாங்குகிறவனுடையது விற்கிறவனுக்குத் தெரியாது. நடுவில் உள்ள வித்தியாசத்தில் தரகன் வீட்டில் உலை கொதிக்கும். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. இது ஒன்றுதான் எங்கள் சட்டம். ஊமையாகப் பிறந்தவன்கூட எங்கள் தொழிலில் பெரிய ஆளாக வரலாம். உளறுவாயன் வர முடியாது.

சின்னையா உளறினான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கெல்லாம் பால் ஊற்றிக்கொண்டிருந்தவன் அவன். உங்கள் வீட்டுக்கும் ஊற்றியிருக்கலாம். நல்ல உழைப்பாளி. மாட்டைக் குளிப்பாட்டும்போது அதனோடு பேசிக்கொண்டே இருப்பான், மாடும் கேட்டுக்கொண்டிருக்கும். அவனுக்கு ஒரு கறவைப் பசு முடித்துக்கொடுத்தேன். அன்று மத்தியானமே திடலில் அந்தப் பசுவை விற்றவனும் அவனும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள். பேச்சோடு பேச்சாக ஒருவருக்கொருவர் விலையைச் சொல்லிவிட்டார்கள். விற்றவன் கைக்குப் போனதைப் போல் இரண்டு மடங்கு இவன் கொடுத்திருந்தான்.

சரி, தெரிந்துவிட்டது. என்னிடம் தனியாக வந்து கேட்டிருக்கலாம். குறைத்துக் கொடுத்திருப்பேன். அவன் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, என் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்து எல்லாருக்கும் தெரியும்படி உதறினான்.

“எல்லாரும் வந்து பாருங்கடா. ராமலிங்கத் தரகரு துண்டுக்குள்ள ஒரு பசு ரெண்டு பசுவாயிடும். இன்னும் உதறினா கன்னுக்குட்டியும் விழும்லா.”

திடலே சிரித்தது. ரவாங்கிலிருந்து வந்திருந்த எஸ்டேட் ஆட்கள் சிரித்தார்கள். மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவன் சிரித்தான். சிரிப்பு ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஐயா. நானே நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன்தான். ஆனால் அன்றிலிருந்து நான் துண்டை விரித்தால் விற்கிறவன் கையைக் கொடுக்கத் தயங்கினான். காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தால், “தரகரே, துண்டை வெளுக்கப் போட்டாச்சா?” என்பார்கள். இருபது வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு உதறலில் போய்விட்டது. அதைக் கோபமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கும் நஷ்டம்தான். துண்டுப் பேச்சை வெளியே விட்டவனுக்கு யாரும் மாடு முடித்துக்கொடுக்கக் கூடாது என்று எங்களில் மூத்தவரான சோலையப்பன் சொல்லிவிட்டார். சின்னையாவின் பசுக்கள் ஒவ்வொன்றாகப் பால் வற்றின. புதிது வாங்க முடியவில்லை. சுங்கை பூலோ வரைக்கும் போய்க் கேட்டுப் பார்த்தான். அங்கும் சோலையப்பன் சொன்னதுதான் சட்டம். இதற்குப் பரிகாரம் ஒன்று உண்டு. உளறியவன் தன்னால் நஷ்டப்பட்டவனிடம் போய், தன் துண்டை விரித்து, உள்ளே ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை மேலே பார்த்தபடி நீட்ட வேண்டும். நீ எதைச் சொன்னாலும் அதுதான் விலை என்று அதற்கு அர்த்தம். மற்றவன் ஒரு அபராதம் சொல்லுவான். அதோடு பழசு தீர்ந்துபோகும்.

செத்துப்போன அன்று காலை சின்னையா இங்கே வந்தது அதற்குத்தான்.

ஆமாம், ஐயா. தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கோர்ட்டில் அந்தக் கையைப் பற்றித்தானே முழு நேரமும் பேசினார்கள்? துண்டுக்குள் கத்தியை எடுத்தான், பயந்துபோய்ச் சுட்டேன் என்பது என் பக்கத்து வாதம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனிதன் உயிரோடு இருந்தபோது அவன் கையை யாரும் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தத் தொழுவத்தைக் கூட்டுகிற தங்கமணிதான் பார்த்த ஒரே சாட்சி. அவளும் தூரத்தில் சாணிக் கூடையோடு நின்றவள்.

“அவரு கை துண்டுக்குள்ள போச்சுங்க. அப்புறம் டப்புன்னு சத்தம். நான் கூடையைப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டேன்.”

கை வேகமாகப் போனதா, மெதுவாகப் போனதா என்று நீதிபதி மூலமாக நீங்கள்தான் கேட்கச் சொன்னீர்கள். “மெதுவாத்தான் போச்சு” என்றாள். எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் வியர்த்தது. கத்தியை மறைத்து எடுக்கிறவன் மெதுவாகத்தான் எடுப்பான் என்று என் வக்கீல் எழுந்து சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

பிறகு டாக்டர் வந்தார். குண்டு துண்டைத் துளைத்து, உள்ளங்கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்றார். துண்டின் ஓட்டையைச் சுற்றிக் கருகியிருக்கிறது, அதனால் மிகவும் கிட்டத்தில் சுட்டது என்றார். உள்ளங்கையில் ஓட்டை இருந்தால் கை திறந்து இருந்திருக்கிறது, திறந்த கையில் கத்தி எப்படி இருக்கும் என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். நல்ல கேள்வி. என் வக்கீலும் விடவில்லை. ரிவால்வரைக் கண்டவுடன் பயத்தில் கத்தியை நழுவவிட்டுக் கையை விரித்திருப்பான், கத்தி கைக்குப் பக்கத்திலேயே கிடந்ததே என்றார். அதுவும் நல்ல பதில்தான். இரண்டு பக்கமும் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். நல்ல தரகன் ஒருவன் நடுவில் இல்லாத குறைதான்.

வெளியே பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையில் இதே வழக்கு இன்னொரு தரம் நடந்ததாம். நான் வெளியே வந்த பிறகு தங்கமணி சொன்னாள். “வெறுங்கையை நீட்டினவனைச் சுட்டிருக்கான், இதுக்கு ஒரு கோர்ட்டா?” என்று ஒருவன். “அப்ப கத்தி? அது என்ன, காக்கா தூக்கிட்டு வந்து போட்டுச்சா?” என்று இன்னொருவன். இதில் இரண்டு மேசைக்காரர்களுக்குக் கைகலப்பாகி, போலீஸ் மாத்தா வந்து பிரித்துவிட்டானாம். என்னால் கடைக்காரனுக்கு நான்கு கண்ணாடி டம்ளர் நஷ்டம்.

பவுனம்மாள் கூண்டேறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். சின்னையாவின் பெண்சாதி. அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள்.

“நான்தாங்க அனுப்பினேன். போய்க் கையைக் குடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். வெலை பேசத்தாங்க கையை நீட்டினாரு.”

“விலையை வாயால் பேசுவார்களா, கையால் பேசுவார்களா?” என்று என் வக்கீல் கேட்டார். “கையாலதாங்க” என்றாள். “நீ உப்பு வாங்கப் போனால் கடைக்காரன் கையைப் பிடித்தா விலை கேட்பாய்?” என்றார். கோர்ட்டே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், ஐயா. குற்றமாகச் சொல்லவில்லை. படித்தவர்கள் நிறைந்த இடத்தில் ஒரு பால்காரி சொல்வது அப்படித்தான் கேட்கும். அவள் மட்டும் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மறுபடியும் அதையே சொன்னாள்.

அவள் சொன்னது உண்மைதானா என்று கேட்கத்தான் சோலையப்பனை அழைத்தார்கள். மாட்டுத் தொழிலில் முப்பது வருஷம். அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று இந்தப் பாலை உங்களுக்கு வேறு யாராவதுதான் காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள்.

“துண்டுக்குள் கையை விட்டு விலை பேசும் வழக்கம் உங்கள் தொழிலில் உண்டா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வாயை எதுக்குக் கடவுள் வெச்சிருக்கான்?”

பின்வரிசையில் எங்கள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவன் தோளிலும் துண்டு. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. நான் யாரையும் ஆள் விட்டுக் கேட்கவில்லை, ஐயா, நம்புங்கள். துண்டுக்குள் இருப்பது வெளியே தெரிந்தால் நாளைக்குச் சர்க்கார் திடலில் தராசு கொண்டுவந்து வைத்துவிடும், மாட்டுக்கு மாடு விலைப் பலகை தொங்கும் என்ற பயம் அவர்களுக்கு. சின்னையா எந்தச் சட்டத்தை உடைத்தானோ அந்தச் சட்டம்தான் அன்று என் கழுத்தைக் காப்பாற்றியது. அதை நினைத்தால் எனக்கே மெய்சிலிர்க்கிறது. எந்த வக்கீலுக்கும் கிடைக்காத சாட்சி. விடுதலையான பிறகு சோலையப்பன் ரவாங் பக்கத்து எஸ்டேட் வியாபாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். அவரும் வியாபாரிதானே.

கத்தியைக் கேட்கிறீர்கள். மாட்டுக்காரன் இடுப்பில் கயிறு அறுக்கக் கத்தி இல்லாவிட்டால்தான் அதிசயம். அவனிடமும் இருந்தது, உறைக்குள். தங்கமணி ரோட்டுக்கு ஓடிவிட்டாள் அல்லவா, அவள் ஆட்களோடு திரும்பி வருவதற்குள் அதை உருவி அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் கத்திதான். அடுத்தவர் பொருளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இடம் மாற்றி வைத்தேன். அதன் அலகில் புல் கறை காய்ந்திருந்ததைச் சர்க்கார் வக்கீல் கவனித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. புல்லறுத்துவிட்டு நேராக வந்திருக்கிறான். கொலை செய்யப் போகிறவன் மாட்டுக்குப் புல் போட்டுவிட்டா வருவான்?

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதோ இந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தேன். பணத்தோடு திடலுக்குப் போகக் கிள்ளானுக்கு ரயிலேற வேண்டிய நாள். அப்போதெல்லாம் வழிப்பறிக்குப் பயந்து வியாபாரிகள் சிலர் லைசென்ஸ் எடுத்து ரிவால்வர் வைத்திருந்தோம். என்னுடையது இடுப்பில் இருந்தது. அவன் வந்து நின்றான். கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்தான். இடப்பக்கக் கிடாரிக்குக் காலில் புண், மஞ்சள் பற்றுப் போடுங்கள் என்றான். பிறகு என் முன்னால் குந்தினான்.

“அண்ணே, அன்னைக்கு வாய் நீண்டுபோச்சு. பவுனு தினமும் திட்டுறா. புள்ளைங்களுக்கே பால் இல்லைண்ணே. கையைக் குடுங்க.”

தோளிலிருந்து துண்டை எடுத்தான். வெளுத்து மடித்த துண்டு. அவள் மடித்துக் கொடுத்திருப்பாள். கையின்மேல் விரித்துக்கொண்டு நீட்டினான். நான் என் இடது கையை உள்ளே விட்டேன்.

ஐந்து விரலும் விரிந்திருந்தது, ஐயா. உள்ளங்கை மேலே பார்த்தபடி. பால் கறந்து கறந்து கட்டை விரல் ஓரம் காய்த்துப் போயிருந்தது. ஈரமாக இருந்தது. எத்தனையோ பேர் கையைத் துண்டுக்குள் பிடித்திருக்கிறேன். எல்லாருடைய கையும் எதையாவது ஒளித்துவைத்திருக்கும். அந்தக் கையில் ஒன்றுமில்லை. நான் என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போவான்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. ஒரு மாட்டைக் கேட்கலாம். திடலில் எல்லாருக்கும் முன்னால் காலில் விழச் சொல்லலாம். விழுந்திருப்பான். பிறகு எழுந்து, இடுப்புத் துணியைத் தட்டிவிட்டு, மாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஜனங்கள் அவனை நல்லவன் என்பார்கள், பெரிய மனசு என்பார்கள். என் துண்டைப் பார்த்தால் அப்போதும் சிரிப்பார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் கட்டுப்படியாகவில்லை. அவன் கொடுக்கக்கூடியது எதுவும் எனக்குப் போதவில்லை.

முதலில் என் கையை வெளியே எடுத்துக்கொண்டேன். குண்டு எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க வேண்டும் அல்லவா? அவன் கை அப்படியே துண்டுக்குள் காத்துக்கொண்டிருந்தது. நான் விலையை யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பான். “சொல்லுங்கண்ணே” என்றான்.

சொன்னேன்.

பவுனம்மாளுக்கு நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை. வழக்கு முடிந்த பிறகு அவள் இருந்த மாடுகளை விற்கத் திடலுக்கு வந்தாள். யாரும் முன்னால் வரவில்லை, நான்தான் போனேன். வழக்கப்படி துண்டை விரித்தேன். அவள் கையைக் கொடுக்கவில்லை.

“எம்புருசன் கைகுடுத்த எடத்துல நான் குடுக்க மாட்டேன். வெலையை வாயால சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

வாயால் சொன்னேன். பண்டமாரான் திடலில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு மாட்டின் விலை காற்றில் கேட்டது. நியாயமான விலை; சோலையப்பனே ஒப்புக்கொண்டார். அவள் வாங்கிக்கொண்டு போனாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

கோர்ட்டில் நான் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துபோய்ச் சுட்டேன் என்று சொன்னேன். அது உண்மை. அந்தக் கையைத் தொட்ட நிமிஷம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எதற்குப் பயம் என்று நீங்கள் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. வாயால் சொல்ல வராது, ஐயா. கையால்தான் காட்ட முடியும்.

இதோ துண்டை விரிக்கிறேன். புதிதாகத் துவைத்தது. கையை உள்ளே விடுங்கள். அவன் கை எப்படி இருந்தது என்று காட்டுகிறேன்.

என்ன எழுந்துவிட்டீர்கள்? குடையை எதற்கு எடுக்கிறீர்கள், மழைதான் விட்டுவிட்டதே. என்னிடம் ஒன்றும் இல்லை. லைசென்ஸை அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கைதான். ஐந்து விரலையும் விரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

முகமெல்லாம் வியர்த்துவிட்டதே, ஐயா. பார்த்தீர்களா? ஒரு கிழவன் துண்டுக்குள் கையை நீட்டினால் உங்களுக்கே இப்படி நடுங்குகிறது. அப்படியானால் என்னைக் குற்றவாளி இல்லை என்று அன்று நீங்கள் சொன்னது சரிதான். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.